முற்றம் லாரியில் போனது

கொழும்பில் கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஆல்ஃபிரட் ஹவுஸ் ரோடு என்று ஒரு தெரு. அங்கே 5ஆம் எண் மனையில் 1962 முதல் ஒரு வீடு இருந்தது. இன்று அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமானால் காலி சாலையில் தெற்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய், பெந்தோட்டையில் உள்ளே திரும்பி, தெதுவ ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அதே தூண்கள், அதே கதவுகள், அதே தரைக்கற்கள் அங்கே இருக்கின்றன. தெரு மட்டும் கூட வரவில்லை.

வீட்டைக் கட்டச் சொன்னவர்கள் எனா டி சில்வாவும் கணவர் ஒஸ்மண்டும். எனா, மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரை ஊரின் பெரிய குடும்பத்துப் பெண், 1922ல் பிறந்தவர். அப்பா சர் ரிச்சர்ட் அலுவிகாரை, இலங்கைப் போலீஸ் மாஅதிபர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இலங்கையர். 1955ல் அவர் எழுந்துகொண்டதும் அதில் உட்கார்ந்தவர் அவருடைய மருமகன் ஒஸ்மண்ட். 1958 கலவரத்தைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். அப்போது போலீசுக்குத் தலைமை இவர்தான். பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒத்துப்போகாமல் 1959ல் ஒஸ்மண்டின் பதவி போனது. மறு ஆண்டு வீடு கட்டும் பேச்சு தொடங்கியது.

அவர்கள் பிடித்த கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. பின்னாளில் ஆசியா முழுக்கப் பேர் சொல்லப்பட்டவர் என்றாலும், அன்று அவர் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, லண்டனில் கட்டடக்கலை படித்து, 1957ல் தேறி வந்த நாற்பது வயதுப் புதியவர். எனா அவரிடம் கேட்டது ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு ஆசைகள். சொந்த ஊர்ப் பக்கத்துக் கண்டிச் சீமான்களின் வீட்டில் இருப்பதுபோல் முற்றமும் தூண்வரிசையும் வேண்டும். ஆனால் வீடு பழைய வீடாக இருக்கக் கூடாது.

மனையோ சுமார் 30 பேர்ச். நம் கணக்கில் மூன்றரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்துக் கொழும்புப் பணக்காரர் வீடு என்றால் வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா வார்ப்புதான்: மனைக்கு நட்டநடுவில் வீடு, சுற்றிலும் புல்வெளி, தெருவைப் பார்த்து வராந்தா. இரண்டு ஏக்கர் இருந்தால் அது அழகு. மூன்றரை கிரவுண்டில் அதையே கட்டினால் நாலு பக்கமும் ஆள் நடக்க மட்டும் இடம் மிஞ்சும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். பாவா இந்த வார்ப்பை உள்வெளியாகத் திருப்பிப் போட்டார். மனையின் ஓரத்திலேயே மதில். தெருவுக்கு வீடு தன் முகத்தைக் காட்டவே இல்லை. நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றித் தூண்வரிசைத் தாழ்வாரம், அங்கங்கே சின்ன முற்றங்கள். அறைகள் எல்லாம் இவற்றைப் பார்த்தபடி. காற்றும் வெளிச்சமும் மழையும் மேலேயிருந்து வந்தன.

இதைப் படிக்கும் தமிழருக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும், செட்டிநாட்டு வளவும், தஞ்சாவூர் அக்கிரகாரத்து முற்றமும் வேறு என்ன? சரிதான். அதிசயம், நகரத்துப் பணக்காரர்கள் முற்றத்தைக் கர்நாடகம் என்று ஒதுக்கிவிட்ட காலத்தில், லண்டனில் படித்து வந்தவர் அதை எடுத்து மூன்றரை கிரவுண்டுக்குள் பொருத்தியதில் இருக்கிறது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஒரு கை கொடுத்தது. இறக்குமதிச் சரக்கு கிடைக்காத ஆண்டுகள் அவை. நாட்டு ஓடு, உள்ளூர் மரம், கருங்கல், ஆற்றுக் கூழாங்கல் என்று கைக்குக் கிடைத்ததையே வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. தூணுக்குக் கீழே கருங்கல் பீடம் வைத்து, அதன்மேல் மரத்தை நிறுத்தினார்கள். ஐம்பது வருஷம் கழித்து இந்தத் தட்டுப்பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. கான்கிரீட் ஒரே வார்ப்பாக இறுகியிருந்தால் யாரும் அதைக் கழற்றி எடுத்திருக்க முடியாது. மரத்தையும் கல்லையும் ஓட்டையும் கழற்றலாம்.

அதே 1960களில் பாவாவைச் சுற்றியிருந்த ஒரு கூட்டம் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்து பாவாவின் கூட்டாளியான உல்ரிக் பிளெஸ்னர், நெசவுக் கலைஞர் பார்பரா சன்சோனி, ஓவியர் லக்கி சேனாநாயக்க ஆகியோர் ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளையும் விகாரைகளையும் அம்பலங்களையும் டேப் பிடித்து அளந்து வரைந்தார்கள். அந்தச் சித்திரங்களில் பல 1998ல் ‘தி ஆர்க்கிடெக்சர் ஆஃப் அன் ஐலண்ட்’ என்ற புத்தகமாக வந்தன. வரைந்தபோது அவர்களுக்கு இருந்தது ஆசையும் கொஞ்சம் பதற்றமும்தான். சட்டமோ சம்பளமோ அதற்குப் பின்னால் இல்லை. எனாவின் வீடு கட்டப்பட்டதும், இப்படி அளக்கத் தெரிந்த கண்களுக்கு நடுவில்தான்.

வீடு எழுந்ததும் அது வெறும் குடியிருப்பாக இருக்கவில்லை. எனா அங்கே பத்திக் வேலையைத் தொடங்கினார். துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் அந்தக் கலை இலங்கையில் பெரிய கைத்தொழிலாக வளர்ந்ததற்கு அவர் முக்கியக் காரணம். லக்கி சேனாநாயக்கவும் அதில் கூட்டு. 1960களின் கடைசியில் பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் முன்கூடத்துக் கூரை முழுக்க எனாவின் பத்திக். வீட்டுத் தாழ்வாரமே பட்டறையாகி, குடும்பமும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் நடந்தன.

1980களின் தொடக்கத்தில் எனா சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். அலுவிகாரையில் ஊர்ப் பெண்களை வைத்துப் பத்திக், எம்பிராய்டரி, பித்தளை வேலை, சமையல் என்று ஒரு மையத்தை நடத்தினார். அந்த ஊருக்கு வேறொரு பெருமை உண்டு. வாய்மொழியாகவே ஓதி வந்த பௌத்தத் திரிபிடகத்தை, பஞ்சமும் போரும் வந்து ஓதுகிறவர்களே இல்லாமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில் ஓலையில் எழுதி வைத்தது அலுவிகாரையில்தான் என்பது மரபு. ஆவணப்படுத்துவதற்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் இந்த ஊரைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

கொழும்பு வீட்டைச் சுற்றி அதற்குள் நகரம் மாறிவிட்டது. தெருவில் பங்களாக்கள் குறைந்து, அலுவலகமும் கடையும் மாடிக் கட்டடமும் பெருகின. பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்கு விரிவாக்க இடம் தேவைப்பட்டது. 2009ல் எனா வீட்டை விற்றார். மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்து, கொழும்பில் நிலத்தின் விலை எகிறத் தொடங்கிய வருஷமும் அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய வீட்டை விற்றவர்களைத் திட்டுவது பாரம்பரியம் பேசுகிறவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல், கரையானோடும் மாநகராட்சி வரியோடும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்த வீட்டின் எடை தெரியும். எண்பத்தேழு வயதை நெருங்கிய ஒரு பெண்மணி, தான் வசிக்காத நகரத்து வீட்டை விற்றதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பாவா 2003லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தது: நிலம் போகட்டும், வீட்டை எடுத்துக்கொள்வோம். பாவா 1948ல் வாங்கி, சாகும்வரை செதுக்கிக்கொண்டிருந்த, தெதுவ ஏரிக்கரையின் லுனுகங்கைத் தோட்டத்துக்கு அதைக் கொண்டுபோவது என்று தீர்மானமாயிற்று. கட்டடக் கலைஞர் அமிலா டி மெல் பொறுப்பேற்றார். முதலில் வீடு முழுவதும் அளக்கப்பட்டது, பிறகு ஒவ்வொரு உறுப்புக்கும் எண் போடப்பட்டது. அதற்கப்புறம்தான் கழற்றும் வேலை.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் ஆவணம் என்பது என்ன என்று புரியும். போட்டோ எடுத்து வைப்பது போதாது. போட்டோவில் தூணின் அழகு தெரியும். தூண் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பீடத்துக் குழிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது தெரியாது. அதற்குத் தரைப்படம் வேண்டும், வீட்டைக் குறுக்கே வெட்டியதுபோல் வெட்டுப்படம் வேண்டும், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த அளவு வேண்டும். தரையில் பதித்த கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எது, எந்த முனை வடக்கே என்று குறிக்காமல் பெயர்த்தால், அதற்குப் பிறகு அது வெறும் கல் லோடு. கழற்றுவது கட்டியதற்கு நேர் எதிர் வரிசை: முதலில் ஓடு, பிறகு ரீப்பர், கைமரம், உத்தரம், தூண், நிலை, கடைசியில் தரை. திரும்பக் கட்டும்போது கடைசியில் எடுத்தது முதலில் தேவைப்படும் என்பதால், அடுக்கி வைப்பதிலும் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். உளுத்த கைமரத்தைத் தூக்கி எறிவதற்கு முன்பு அதன் நீளம், கனம், கொளுவிய விதம் எல்லாம் ஏட்டில் ஏறியாக வேண்டும்.

சுவர்தான் இதில் தோற்றுப்போகும். செங்கல்லும் சாந்தும் பூச்சுமாக எழுந்த சுவரை எண் போட்டு ஏற்றி அனுப்ப முடியாது. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுப்ப வேண்டும். ஆகவே இன்று லுனுகங்கையில் நிற்பது முழுக்கப் பழையதும் இல்லை, நகலும் இல்லை. தொட்டுப் பார்க்கிற கதவும் மிதிக்கிற கல்லும் அந்தக் காலத்தவை. சாய்ந்து உட்கார்கிற சுவர் நேற்றையது.

பல ஆண்டுகள் பிடித்தன. 2015 அக்டோபரில் எனா தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார். அடுத்த ஆண்டு வீடு விருந்தினர்களுக்குத் திறக்கப்பட்டது. ஆமாம், விருந்தினர்களுக்கு. இரவுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து யார் வேண்டுமானாலும் அங்கே தங்கலாம். வியாபாரத்துக்காக இடம் இழந்த வீடு, வியாபாரத்தால்தான் பராமரிக்கப்படுகிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள், கூரையில் ஓடு மாற்றும் செலவை யார் தருவார் என்று சொல்லிவிட்டுச் சுளிக்கலாம்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். நெருக்கடியான தெருவில், நாலு பக்கமும் அயலார் எட்டிப் பார்க்கும் இடத்தில், உள்ளே ஒரு தனி உலகம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வீடு மதிலுக்குள் சுருண்டுகொண்டது. இப்போது அது நிற்பது ஏரியும் மரமும் சூழ்ந்த தோட்டத்தில். எட்டிப் பார்க்க யாரும் இல்லை. ஆனாலும் மதில் அதே மதில், முற்றம் அதே முற்றம். விடையைப் பத்திரமாகக் கொண்டுவந்து, கேள்வியைக் கொழும்பிலேயே விட்டுவிட்டார்கள். இது குற்றச்சாட்டு இல்லை. வேறு வழி இல்லாதபோது நானும் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஆனால் தெருவையும் பக்கத்து வீடுகளையும் சேர்த்து வரைந்து வைத்திருந்தால்தான் அந்த முற்றம் ஏன் அப்படி இருக்கிறது என்று பின்னால் வருகிறவர்களுக்கு விளங்கும்.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்ல மைசூரு யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு இருக்கிறது. அவர் கடைசிக் காலத்தில் சென்னைக்கு வந்துவிட்டார், 2001ல் இறந்தார். வீடு விற்பனையாகி, 2011 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் பத்திரிகைக்காரர்கள் பார்த்தார்கள், பிறகு அதிகாரிகள் ஓடிவந்து நிறுத்தினார்கள். ஒரு பகுதி உடைந்த வீட்டை, இரண்டு கோடிக்கு மேல் கொடுத்து அரசுத் தரப்பு வாங்கியது. தமிழர், ஆங்கிலத்தில் எழுதியவர், இவருக்குக் கன்னடிகர் பணத்தில் நினைவிடமா என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் அறிக்கை விட்டார்கள். சண்டையெல்லாம் ஓய்ந்து 2016 ஜூலையில் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. லுனுகங்கையில் வீடு திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அங்கே அளந்துவிட்டுக் கழற்றினார்கள். இங்கே உடைத்துவிட்டு அளந்தார்கள்.

இரண்டு வீடுகளையும் காப்பாற்றியது ஒரு பெயர். ஒன்றில் கட்டியவர் பெயர், மற்றதில் குடியிருந்தவர் பெயர். பெயரில்லாத வீடுகளின் கதை வேறு. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளின் தெருவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணைக் கேட்டுப் பாருங்கள், எந்த ஊர், யார் வீட்டு வளவு, எத்தனையாவது தூண் என்று சொல்ல அதற்குச் சீட்டு இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் ராணுவம் பிடித்து வைத்திருந்த நிலங்கள் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, கிணற்றையும் எஞ்சிய மரத்தையும் வைத்துத்தான் தன் மனை எது என்று அடையாளம் கண்டவர்கள் உண்டு. அந்த நாற்சார் வீடுகளில் எத்தனைக்குத் தரைப்படம் இருந்திருக்கும்?

ரேணிகுண்டாவில் உட்கார்ந்து இதை எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. 1862ல் அரக்கோணத்திலிருந்து மெட்ராஸ் ரயில்வே தண்டவாளம் வந்து சேர்ந்ததும் பிறந்தது இந்த ஊரின் தோரணை. பம்பாய்ப் பக்கம் போகும் தடமும் கூடூர்த் தடமும் திருப்பதித் தடமும் சந்திக்கும் இடம். பிளாட்பாரத்தில் தெலுங்கு பாதி, தமிழ் பாதி. நிலையத்தை நம்பி வாழ்ந்த ஊர் இன்று சாலையையும் விமானத்தையும் நம்பி வளர்கிறது. 2015ல் விமான நிலையத்துக்குப் புது முனையம் வந்தது. 2022ல் சித்தூர் மாவட்டம் பிரிந்து ஊர் திருப்பதி மாவட்டத்துக்குள் போனது. திருப்பதி பத்து கிலோமீட்டர்தான். நடுவில் உள்ள மனைக்கெல்லாம் அங்கணக் கணக்கில் விலை பேசுகிறார்கள். ஒரு அங்கணம் 36 சதுர அடி. எனாவின் மனை இங்கே இருந்தால் இருநூற்றுச் சொச்சம் அங்கணம் என்று முடித்திருப்பார்கள்.

ராயலசீமையின் தட்டைக் கூரை மித்தை வீடு, ஓட்டு வீடு, கடப்பாக் கல் பாவிய திண்ணை, நடுவாசல் எல்லாவற்றுக்கும் சாலையோரத்தில் இப்போது ஒரே விதிதான். முன்பணம் கைமாறியதும் ஜேசிபி வரும். இவற்றைக் கழற்றித் தோட்டத்தில் கட்டிவைக்க எந்த அறக்கட்டளையும் வரப்போவதில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் லுனுகங்கை வேலையின் முதல் பாதி, அதாவது அளந்து வரைவது, அவ்வளவு பெரிய காரியமில்லை. ஏர்ப்பேட்டில் ஐஐடி இருக்கிறது, அதில் சிவில் என்ஜினீயரிங் துறை இருக்கிறது. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் தொல்லியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரெண்டு மாணவர்கள், ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு, மரவேலை தெரிந்த ஒரு பெரிய ஆசாரி. ஒரு சாதாரண வீட்டுக்கு இது போதும்.

எனக்கு ஆசாரியைவிட முக்கியமாகத் தோன்றுவது வீட்டுப் பாட்டி. இந்த மாடத்தில் என்ன விளக்கு வைத்தீர்கள், இந்த அறையில் யார் யார் பிறந்தார்கள், குதிர் எங்கே நின்றது, திண்ணையில் யார் வரைக்கும் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டியிருந்தது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் ஆவணம் பொய் சொல்லும். பழைய வீடுகளின் அழகில் அதுவும் சேர்த்தியாகவே கட்டப்பட்டிருக்கிறது. பாட்டி அந்த வீட்டில் இருக்கும்போதே இதையெல்லாம் கேட்க வேண்டும். மகன் வீட்டு அபார்ட்மெண்டுக்குப் போன பிறகு கேட்டால், கையால் காட்டிச் சொல்ல அங்கே சுவர் இருக்காது.

விற்பனைப் பத்திரத்தில் நாலு எல்லையும் துல்லியமாக எழுதுகிறோம்: கிழக்கே இன்னார் மனை, மேற்கே ரஸ்தா என்று. உள்ளே இருக்கும் வீட்டுக்கு ‘ஓட்டு வீடு ஒன்று’ என்ற ஒரே வரி. எழுபது எண்பது வருஷத்துக்கு மேற்பட்ட வீடு கைமாறும்போது, தரைப்படமும் இரண்டு வெட்டுப்படமும் இருபது போட்டோவும் பத்திரத்தோடு இணைக்க வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தால் என்ன? பதிவுத் துறைக்கு அது கூடுதலாகச் சில தாள்கள். வாங்குகிறவருக்கு இடிக்கும் உரிமை அப்படியே இருக்கும், விற்கிறவருக்கு ஒரு ரூபாய் குறையாது. பில்டர்கள் தாமதமாகும் என்பார்கள். இப்போதே வில்லங்கச் சான்று, சர்வே, வங்கிக் கடன் என்று வாரக்கணக்கில் ஓடுகிறது. அந்த வாரங்களில் வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. சாவியைக் கொஞ்ச நாள் மாணவர்களிடம் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்.